சனியைத் தள்ளிவிட்ட குழாய்

எனக்கு ஜென்மச் சனி நடந்துகொண்டிருந்த வருஷத்தில்தான் கள்ளக்குறிச்சிக்கு ஒரு வாரம் பஸ் ஓடாமல் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்பினார்கள். "உன் சனி எப்பம்மா முடியுது?" என்று என்னிடமே வந்து கேட்ட புண்ணியவான்களும் உண்டு. என்னவோ நான்தான் போய் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டதுபோல.

எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். கச்சிராயபாளையம் ரோட்டில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய புளியமரத்தைச் சாய்த்துக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஆட்கள் முறைபோட்டுக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தபடி இருந்தது. எங்கள் பக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை, ஆனால் பயம் இருந்தது. லாரி இல்லை, தூசி இல்லை, சத்தமில்லை. ராத்திரியானால் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

மரம் சாய்வதற்குச் சற்று முன்னால் வந்த கடைசி பஸ்ஸில் பாப்பாத்தி அம்மாள் வந்து இறங்கினார், மகன் வெங்கடேசனோடு. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள், ஆனி மாதம் நாங்கள் வைத்துக் கொடுத்த நிச்சயதாம்பூலத் தட்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவதாகத் திட்டம். தட்டு திரும்பினால் கல்யாணம் இல்லை என்று அர்த்தம்.

வெங்கடேசனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கல்வராயன் மலையில், வெள்ளிமலை ரேஷன் கடையில் சேல்ஸ்மேன். லீவு நாளில் மலையிலிருந்து இறங்கி வந்து டைப் அடிப்பார். லோயர் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில். விரல்கள் நன்றாகத்தான் ஓடின, பரீட்சை அன்றைக்கு மட்டும் ஓடவில்லை. பாஸானால் இன்ஸ்டிடியூட்டுக்கு வரக் காரணம் இருக்காது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அப்படிப்பட்ட ஆளை ஒரு கிரகத்துக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. இதே சனியைச் சொல்லி ஏற்கெனவே மூன்று ஜாதகங்கள் தட்டிப்போயிருந்தன. அவை போனதில் எனக்கு நிம்மதிதான். இது போனால் தாங்க மாட்டேன்.

நிச்சயத்துக்குப் பிறகு பாப்பாத்தி அம்மாள் திருக்கோவிலூரில் ஒரு ஜோசியரைப் பார்த்திருக்கிறார். பெண்ணுக்கு விருச்சிக ராசி, சனி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, அது நகர்ந்த பிறகும் பாதச் சனி இரண்டரை வருஷம் பாக்கி என்று அவர் சொல்லிவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு நல்ல பொண்ணுதான்," என்றார் அப்பாவிடம். "ஆனா அது தலைமேல ஒருத்தன் குந்திக்கினு இருக்கறான். அவனயும் சேத்து நான் எப்பிடி வூட்டுக்கு இட்டுக்கினு போவறது? எங்க அண்ணன் மவளுக்குத் துலாமுமில்ல விருச்சிகமுமில்ல. சுத்தமான கடகம்."

அப்பா கந்தசாமிக்கு இந்த மாதிரி நேரத்தில் பேச்சு வராது. கரும்பு வெட்டுக் கூலியைப் பற்றி ஏதோ சொன்னார். வெங்கடேசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளேயிருந்து தம்ளரைக் கொஞ்சம் பலமாக வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் மரம் விழுந்தது.

பாப்பாத்தி அம்மாளின் ஊர் கோமுகி அணைக்கும் அந்தப் பக்கம், மலையடிவாரத்தில். முழங்கால் வலிக்காரர், நடக்க முடியாது. சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தால் தலை சுற்றும். எங்கள் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. பையைத் திறந்து தட்டைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். கொடுத்தால் பட்டினி கிடக்க வேண்டும். அதனால் பஸ் வரும்வரை நிச்சயதார்த்தம் முறியாது என்று ஆகிவிட்டது. மஞ்சள் பையை மடியிலிருந்து இறக்காமல் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டார்.

புளியமரம் கிடக்கும்வரை எனக்குக் கல்யாணம் உண்டு. நான் ஒரு குடம் மோர் கரைத்துக்கொண்டு போய் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஊற்றினேன். அவர்களில் முக்கியமானவர் அய்யப்பன், எங்கள் இன்ஸ்டிடியூட்டில் மனு டைப் அடிக்க வருகிறவர். "உங்க ஆதரவுக்கு நன்றிங்க டீச்சர்," என்றார். என் ஆதரவு எதற்கு என்று நான் விளக்கவில்லை.

பக்கத்து வீடு ஆரோக்கியதாஸ் அண்ணனுடையது. சினிமாக் கொட்டகையில் புரொஜக்டர் ஆபரேட்டர். கொட்டகையில் கழித்துப்போட்ட லென்ஸ்களைச் சேர்த்து, போர்வெல் பைப் ஒன்றில் பொருத்தி, மனைவியின் பழைய தையல் மெஷின் ஸ்டாண்டின்மேல் ஏற்றி அவர் ஒரு டெலஸ்கோப் செய்து வைத்திருந்தார். தெருவில் அதற்குத் தாஸ் குழாய் என்று பேர். கொட்டகை மூடிக் கிடந்ததால் பொழுது சாய்ந்ததும் கொல்லைப்புறத்தில் குழாயைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார். எங்கள் கொல்லைக்கும் அவர் கொல்லைக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான்.

முதல் நாள் சாயங்காலம் கால் கழுவக் கொல்லைக்குப் போன பாப்பாத்தி அம்மாள் வேலியோரம் நின்றுவிட்டார்.

"இன்னாப்பா அது?"

"சனி கிரகத்த பாக்கறேன்மா. வளையத்தோட ஜம்முனு தெரியுது. வந்து பாருங்க."

பாப்பாத்தி அம்மாள் சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். கோயிலில்கூடச் சனி பகவானுக்கு நேரே யாரும் நிற்க மாட்டார்கள். ஓரமாக நின்று கும்பிட்டுவிட்டு நழுவிவிட வேண்டும். அவன் பார்வை நேராக விழக் கூடாது.

"ஏம்பா, அவன் இருக்கற எடத்துல இருக்கட்டும்னு நாங்க எள்ளு வெளக்கு போட்டுக்கினு கெடக்கறோம். நீ கொழா வச்சி கிட்ட இழுக்கறியா?"

"இழுக்கலம்மா. கிட்ட காட்டுது, அவ்ளோதான்."

"கிட்ட வராம எப்பிடி கிட்ட தெரியும்?" என்று கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? இவரு பொண்ணு வூட்டுக் கொல்லைலியே அவன இழுத்து வச்சிருக்கறாரு. பின்ன எப்பிடி அது தலைய வுட்டு எறங்குவான்? இது அந்த ஜோசியருக்கே தெரியாது."

தாஸ் அண்ணன் தங்கமான மனுஷர். யாராவது வருத்தப்பட்டால் தாங்காது, உடனே எதையாவது சொல்லிவைப்பார். அன்றைக்கும் சொன்னார்.

"கவலப்படாதீங்கம்மா. கொழாய திருப்பிப் போட்டு அந்தப் பக்கமா பாத்தா தூரமா போயிடும்."

தமாஷாகத்தான் சொன்னார். பாப்பாத்தி அம்மாள் சிரிக்கவில்லை.

"தூரமான்னா எவ்ளோ தூரம்?"

அப்படித்தான் ஆரம்பித்தது. வேலியைச் சுற்றிக்கொண்டு போய், தாஸ் அண்ணனைக் குழாயைத் திருப்பச் சொல்லி, கண் வைக்கிற முனையைச் சனி பக்கமாகவும் பெரிய லென்ஸைத் தன் பக்கமாகவும் வைத்து, ஒரு கண்ணை மூடி எட்டிப் பார்த்தார். நேராகப் பார்க்கலாமா என்று நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கொஞ்சம் நக்கலாகவே கேட்டேன். "போறவன் முதுகதான பாக்கறேன்," என்றார்.

"இன்னா தெரியுதும்மா?" என்று தாஸ் அண்ணன் பயந்துகொண்டே கேட்டார்.

"காணம். போறான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பி.எஸ்ஸி. படித்தவள் நான். ஆனால் கோபத்துக்கு அடியில் ஓர் அற்ப ஆசையும் எட்டிப் பார்த்தது. போகிறவன் போகட்டுமே. இந்த அம்மாள் மனசில் போய்விட்டால் போதாதா?

மறுநாள் காலையில் இட்லி சாப்பிடும்போது பாப்பாத்தி அம்மாள் கணக்குப் போட ஆரம்பித்தார். ஒருத்தர் பார்த்தால் இவ்வளவு தூரம் போகிறான், பத்துப் பேர் பார்த்தால் எவ்வளவு போவான்? ராசியே தாண்டிவிட மாட்டானா? தாஸ் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். "கஷ்டம்தான்மா," என்றார் அவர். "ஆளு கம்மின்னா கஷ்டம்தான்," என்று பாப்பாத்தி அம்மாள் ஒத்துக்கொண்டு, ஆள் ஜாஸ்தியாக எங்கே இருக்கிறார்கள் என்று வெளியே எட்டிப் பார்த்தார். புளியமரத்தின்மேல் இருந்தார்கள்.

அய்யப்பனுக்குத் துலாம் ராசி, ஏழரையின் வால் பாக்கி. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அன்று சாயங்காலம் தாஸ் அண்ணனின் கொல்லையில் நிற்க இடமில்லை. குழாய்க்குக் கீழே யாரோ எள் விளக்கு ஏற்றி வைக்க, லென்ஸில் புகை படிகிறது என்று தாஸ் அண்ணன் புலம்பினார். வரிசையில் தகராறு வந்தது. முதலில் வந்தவர் முதலில் தள்ள வேண்டும் என்றார்கள் சிலர். அய்யப்பன் அதை ஏற்கவில்லை.

"அது எப்பிடிங்க நியாயமாவும்? காலங்காலமா கஷ்டப்படறவனும் சும்மா வேடிக்க பாக்க வந்தவனும் ஒண்ணா? ஏழரைக்கு மொதல்ல. அப்பறம் அஷ்டமச் சனி. அப்பறம் கண்டகச் சனி. மிச்சம் இருந்தா பொதுவுல."

மிதுன ராசிக்காரர் ஒருவர் தனக்கு எதுவுமே இல்லையே என்று கண்கலங்கினார். அவருக்கு மனைவி ராசியில் இடம் கொடுத்தார்கள். இதற்குள் இன்னொருவர், இங்கிருந்து தள்ளினால் சனி மலையைத் தாண்டி சேலம் ஜில்லாவுக்குள் விழுவானே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார். அரைமணி நேரம் விவாதம். கடைசியில், சேலத்துக்காரர்களும் ஒரு குழாய் செய்துகொண்டு அவர்கள் பங்குக்குத் தள்ளிக்கொள்ளட்டும் என்று முடிவானது. அத்தனை பேரும் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அத்தனை பேரும் சந்தோஷமாகப் போனார்கள்.

என்னை மட்டும் விடவில்லை.

"நீ இந்தப் பக்கமே வராத," என்றார் பாப்பாத்தி அம்மாள். மடியில் மஞ்சள் பையோடு ஸ்டூல் போட்டு மேஸ்திரி மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஒன்னத் தேடித்தான் வந்திருக்கறான். நீ மூஞ்சக் காட்டுன, அப்பிடியே திரும்பிடுவான். இத்தினி பேரு பட்ட பாடு வீணாப் பூடும்."

என் சனியைத் தள்ள ஊரே வந்திருக்கிறது, நான் அடுப்படியில் அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீ கேட்டு வந்த வெங்கடேசன் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நானும் ரெண்டு வாட்டி தள்ளனேன்."

"நீங்களுமா?"

"உனக்காவத்தான் செல்வி."

என்னைப் பார்ப்பதற்காகப் பரீட்சையில் ஃபெயிலான மனுஷர், இப்போது எனக்காகக் கிரகம் தள்ளுகிறார். திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. சர்க்கரையை ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

இப்படியே தினமும் தள்ளினார்கள். ஏழாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அய்யப்பன் வந்தார். சட்டை கசங்கிக் கண் சிவந்திருந்தது. "நாளைக்குக் காலம்பற மரத்த எடுத்துடறோம். பஸ்ஸு ஓடும். உங்களுக்குத்தான் தொந்தரவு குடுத்துட்டோம்," என்றார் அப்பாவிடம்.

ஊரில் அந்தச் செய்தியைக் கேட்டு வருத்தப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பாப்பாத்தி அம்மாள் தாஸ் அண்ணனைக் கூப்பிட்டார். "நெசத்தச் சொல்லு. ராசி தாண்டிட்டானா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். தாஸ் அண்ணன் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "இல்லம்மா. அதே எடத்துலதான் இருக்குது. டிசம்பர்லதான் தாண்டும். நம்ம தள்ளி ஒண்ணும் ஆவாதும்மா."

பாப்பாத்தி அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார். "பாடுபட்டுதான் பாத்தோம்," என்றார். பிறகு அப்பாவிடம், "காலம்பற காபித் தண்ணி வேணாங்க. எழுந்ததும் தட்ட குடுத்துட்டு கெளம்பறோம்," என்றார்.

நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். வேலியைச் சுற்றிப் போகவில்லை, கிளுவையை விலக்கிக்கொண்டு நேராகவே புகுந்தேன். கை கீறிக்கொண்டது. தாஸ் அண்ணனிடம், "இத நேரா திருப்புங்கண்ணா," என்றேன். அவர் தயங்கினார். நானே திருகாணியைத் தளர்த்திக் குழாயை மறுபடி சுற்றிப் போட்டேன். பின்னாலேயே எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். "ஐயோ, திருப்பிட்டாங்க," என்று யாரோ முணுமுணுத்தார்கள். அத்தனை பேரும் வரிசையாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார்கள். அண்ணன் மலைக்குமேல் மங்கலாக நின்ற ஒரு வெளிச்சப் புள்ளிக்குக் குழாயைக் குறிவைத்துக் கொடுத்தார். நான் கண்ணை வைத்தேன்.

மிளகு அளவுக்கு ஓர் உருண்டை. நல்லெண்ணெய் நிறம். அதைச் சுற்றி எங்கேயும் ஒட்டாமல் ஒரு வளையம். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அமைதியாக ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓரத்துக்கு நகர்ந்து குழாயைவிட்டு வெளியே போய்விட்டது. தேடிப் பிடித்தேன். மறுபடியும் போய்விட்டது. மறுபடியும் பிடித்தேன். அது என்னைத் துரத்தவில்லை. நான்தான் அதைத் துரத்திக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக, எத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்தேன், இதற்காகவா?

"இன்னா பண்றான்?" பாப்பாத்தி அம்மாளின் குரல். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல அத்த. அது பாட்டுக்குப் போய்க்கினு இருக்குது. என்ன பாக்கவே இல்ல."

"பொய் சொல்ற. அவன் பார்வ எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்களே வந்து கேளுங்க."

சொன்ன பிறகுதான் வாய் அதிகமாகிவிட்டது என்று உறைத்தது. வெங்கடேசன், "செல்வி," என்றார் மெதுவாக. ஆனால் பாப்பாத்தி அம்மாள் திரும்பிவிட்டார். "இத கொஞ்சம் புடி," என்று மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். "கேக்கறேன்," என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்து, குழாயில் வாயை வைத்தார்.

"அம்மா, அது கண்ணு வைக்கிற எடம்," என்றார் தாஸ் அண்ணன்.

"தெரியும். மொதல்ல பேசிக்கறேன்." குழாய்க்குள், வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசுகிறவர் மாதிரி சத்தமாகப் பேசினார். "எம் புள்ளைக்கு ஏழரை நடக்கறப்ப என் வூட்டுக்காரர கொண்டுக்கினு போன. அன்னிலேர்ந்து சனிக்கிழமை தவறாம ஒனக்கு வெளக்கு போடறேன், காக்காய்க்கு சோறு வைக்கறேன். எதுக்குக் கொண்டுக்கினு போனன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். சொல்லு."

சொல்லிவிட்டுக் காதை வைத்தார். அய்யப்பன்கூடக் காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்துக் காதை எடுத்துவிட்டுக் கண்ணை வைத்தார். நேராக. நான் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அது நகர நகரக் குழாயைத் தள்ளிக்கொடுத்தேன்.

"இவனா?"

"ஆமா அத்த."

"எவ்ளோ தூரத்துல இருக்கறான்?"

"தொண்ணூறு கோடி மைலு இருக்கும்மா," என்றார் தாஸ் அண்ணன்.

பாப்பாத்தி அம்மாள் கண்ணை எடுக்காமலே பேசினார். "சோறு துன்னுக்கினு இருந்தவரு நெஞ்சப் புடிச்சிக்கினு சாஞ்சிட்டாரு. எங்க ஊருக்கு காலம்பற ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு. நடுவுல ஒண்ணும் கெடையாது. மாட்டு வண்டில போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு வந்தோம். கச்சிராயபாளையம்கூட தாண்டல. நான் வானத்தப் பாத்து இவனத்தான் திட்டினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். "இவனுக்கு இன்னா தெரியும்? இவன் அங்க இருக்கறான். பஸ்ஸுதான் இல்ல."

அய்யப்பன் வேலியோரம் கீழே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. சனி மலை விளிம்பில் இறங்கி, மங்கி, குழாய்க்குள் ஒன்றுமில்லாமல் போன பிறகுதான் பாப்பாத்தி அம்மாள் எழுந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார், முழங்கால் அப்படி.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் சரியான பேச்சைப் பேசினார். "தையில ஒரு நல்ல மொகூர்த்தமா பாக்கட்டுங்களா?"

"எந்த மொகூர்த்தம் வேணா வையிங்க," என்றார் பாப்பாத்தி அம்மாள். "அன்னிக்கு எங்க ஊருக்கு பஸ்ஸு ஓடுமான்னு மட்டும் கேட்டுட்டு வையிங்க."